ஐம்பத்திரண்டு வயசுல கடைசி பெஞ்ச்!

நம்ம ஊர் கல்யாணப் பந்தியில ஒரு முக்கியமான கட்டம் உண்டு. பருப்பு, சாம்பார், புளிசேரி எல்லாம் ஓடி முடிஞ்சு, அடைப்பிரதமன் வாளி வரிசையோட அந்தக் கோடியில தலைகாட்டுற நேரம். மட்டிப்பழத்தை உரிச்சு, பப்படத்தை நொறுக்கி இலையில தயாரா வெச்சுக்கிட்டு எல்லாரும் காத்திருப்பாங்க. வாய்க்கு வேலை இல்லாத அந்த ரெண்டு நிமிஷத்துலதான் குடும்பத்தோட பெரிய பெரிய பிரச்னை எல்லாம் வெளியே வரும்.

சமீபத்துல நாகர்கோவில்ல ஒரு கல்யாணத்துல எனக்கு வலது பக்கம் மாமா. இடது பக்கம் சித்தப்பா. சித்தப்பாவுக்கு அந்தப் பக்கம் அவர் பொண்ணு, அதாவது என் தங்கச்சி. பி.காம். கடைசி வருஷம்.

சித்தப்பா என்னைத் தாண்டி எட்டிப் பார்த்து ஆரம்பிச்சார். "அத்தான், நீங்கதான் வெளிநாட்டுக்கெல்லாம் போயி எம்.பி.ஏ. படிச்ச ஆளு. இவளும் படிக்கணும்ங்கா. பெங்களூர்ல ஒரு காலேஜ். பதினெட்டு லட்சமாம். தோப்பை பேங்க்ல வெச்சா லோன் கிடைக்கும். வெச்சிரட்டா?"

மாமா பிரதமனை இலையில வாங்கிட்டுச் சொன்னார்: "நான் எம்.பி.ஏ. எல்லாம் படிக்கல்ல டே. மூணு வாரம் போய் கடைசி பெஞ்ச்ல இருந்துட்டு வந்தேன். அவ்வளவுதான்."

தங்கச்சி முகம் வாடிப்போச்சு. ஆனா அந்தப் பந்தி முடியறதுக்குள்ள மாமா அவகிட்ட ஒரு கேள்வி கேட்டார். அந்தக் கேள்வியைத்தான் இந்த வாரம் உங்ககிட்ட கொண்டுவந்திருக்கேன். அதுக்கு முன்னாடி, மாமா போன அந்த 'மூணு வாரம்' என்ன மேட்டர்னு பார்த்திடலாம்.

பெரியவங்க ஸ்கூல்!

நாமெல்லாம் 'எப்படா டிகிரி முடியும், எப்படா இந்த பெஞ்சை விட்டு ஓடுவோம்'னு நாள் எண்ணிக்கிட்டு இருக்கோம். ஆனா இருபத்தஞ்சு வருஷம் வேலை பார்த்து, ஆயிரம் பேருக்கு அதிகாரியா இருக்கிற ஆளுங்க, தலை நரைச்ச பிறகு, லட்சக்கணக்குல செலவழிச்சு மறுபடி கிளாஸ் ரூமுக்குப் போறாங்க. உலகத்தோட பெரிய பிசினஸ் ஸ்கூல் எல்லாத்துலயும் இவங்களுக்குன்னே தனிப் படிப்பு இருக்கு.

இது எப்போ ஆரம்பிச்சதுன்னு பார்த்தா சுவாரஸ்யமா இருக்கும். இரண்டாம் உலகப்போர் நடந்துக்கிட்டு இருந்த 1943-ல், போர்ச் சாமான் உற்பத்திக்கு மேலாளர்கள் தேவைப்பட்டப்போ, அமெரிக்காவுல ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூல் நடுத்தர வயசுக்காரங்களைக் கூட்டி வெச்சுப் பாடம் நடத்த ஆரம்பிச்சது. போர் முடிஞ்ச 1945-ல் அதுவே 'அட்வான்ஸ்டு மேனேஜ்மென்ட் புரோகிராம்' ஆச்சு. அதே 1943-ல்தான் சிகாகோ பல்கலைக்கழகம் வேலையில இருக்கிறவங்களுக்காக எக்ஸிக்யூட்டிவ் எம்.பி.ஏ. தொடங்கிச்சு. உலகத்துல அதுதான் முதல்.

நம்ம நாடும் ரொம்பப் பின்தங்கிடல. 1956-ல் கன்னியாகுமரி மாவட்டம் திருவிதாங்கூர்-கொச்சியை விட்டுத் தமிழ்நாட்டோட சேர்ந்தது நமக்கெல்லாம் தெரியும். அதே வருஷம்தான் ஹைதராபாத்துல 'அட்மினிஸ்ட்ரேட்டிவ் ஸ்டாஃப் காலேஜ் ஆஃப் இந்தியா' உருவாச்சு. இங்கிலாந்துல ஹென்லி காலேஜைப் பார்த்து அமைச்சது. அரசு அதிகாரி, கம்பெனி அதிகாரி ரெண்டு பேரும் ஒண்ணா உட்கார்ந்து படிக்கிற இடம். அப்புறம் 1961-ல் ஹார்வர்டு துணையோட ஐ.ஐ.எம். அகமதாபாத். அதை உருவாக்கினதுல முன்னால நின்னவர் யார் தெரியுமா? விக்ரம் சாராபாய். நமக்குப் பக்கத்துல தும்பாவுல ராக்கெட் தளம் கொண்டுவந்த அதே மனுஷர்தான்!

ரத்தன் டாடா 1975-ல் ஹார்வர்டுல இந்த அட்வான்ஸ்டு புரோகிராமுக்குப் போனவர். டாடா குழுமத் தலைவர் ஆனது 1991-ல். அந்தப் படிப்பு அவருக்கு எவ்வளவு பிடிச்சிருந்ததுன்னா, 2010-ல் டாடா குழுமம் அந்த ஸ்கூலுக்கு 5 கோடி டாலர் கொடுத்தது. அதுல எழும்பினதுதான் அங்கே இருக்கிற டாடா ஹால். சீனியர்கள் வந்து தங்கிப் படிக்கிற கட்டடம் அது.

பிரான்ஸ்ல இன்சியாட், சுவிட்சர்லாந்துல ஐ.எம்.டி., லண்டன் பிசினஸ் ஸ்கூல்னு ஐரோப்பாவுலயும் பெரிய பெரிய இடங்கள் இருக்கு. இன்சியாட்டுக்கு 2000-லேருந்து சிங்கப்பூர்லயும் ஒரு கேம்பஸ்.

இந்தப் படிப்புகளை ரெண்டு வகையாப் பிரிச்சுப் புரிஞ்சுக்கலாம். ஒண்ணு, எக்ஸிக்யூட்டிவ் எம்.பி.ஏ. வேலையை விடாம, வாரக் கடைசியிலயோ மாசத்துக்குச் சில நாளோ போய், ஏறக்குறைய ரெண்டு வருஷம் படிக்கிறது. பரீட்சை உண்டு, டிகிரி உண்டு. வெளிநாட்டுல பெரிய பேர் வாங்கின இடங்கள்ல நம்ம காசுக்கு ஒரு கோடியைத் தாண்டுற ஃபீஸும் உண்டு. இன்னொண்ணு, சில நாள்லேருந்து சில வாரம் வரைக்கும் நடக்கிற புரோகிராம். இதுல பரீட்சையும் கிடையாது, டிகிரியும் கிடையாது. பெரும்பாலும் கம்பெனிதான் காசு கட்டி அனுப்பும்.

மாமா போனது ரெண்டாவது வகை.

மூணு நாள் மௌன விரதம்

மாமா நாகர்கோவில்ல பி.எஸ்சி. பிசிக்ஸ் முடிச்சிட்டு, புனே பக்கம் ஒரு ஃபேக்டரியில ட்ரெய்னியாச் சேர்ந்தவர். ஷிஃப்ட் இன்சார்ஜ், மேனேஜர்னு படிப்படியா ஏறி, பிளான்ட் ஹெட் ஆனார். 2011-ல் அவருக்கு ஐம்பத்திரண்டு வயசு. கம்பெனி ஐரோப்பாவுல ஒரு பிசினஸ் ஸ்கூலுக்கு மூணு வாரம் அனுப்பிச்சது.

கிளாஸ் ரூம் குதிரை லாடம் மாதிரி வளைஞ்சு, படிப்படியா இறங்குமாம். ஒவ்வொருத்தர் முன்னாடியும் பெரிய எழுத்துல பேர் அட்டை. மொத்தம் ஐம்பது பேர், இருபது நாடு. மாமா நேரா மேல்வரிசைக்குப் போய் மூலையில உட்கார்ந்துட்டார். "காலேஜ்ல எங்க இருந்தேனோ, அங்கேயே போய் இருந்தேன் டே. கால் தானாப் போச்சு"ன்னார்.

முதல் சிக்கல், புரொஃபசரை பேர் சொல்லிக் கூப்பிடணும். 'சார்'னா அவர் சிரிக்கிறார். "வாத்தியாரைப் பேர் சொல்லிக் கூப்பிட வாய் வருமாடே நமக்கு? மூணு நாளு நான் அவரைக் கூப்பிடவே இல்ல!"

ரெண்டாவது சிக்கல், அங்கே பாடமே கிடையாது! முந்தின நாள் ராத்திரி 'கேஸ்'னு ஒரு கட்டு பேப்பர் கொடுப்பாங்க. ஒரு நிஜமான நிறுவனத்தோட கதை. கணக்கு, படம், சிக்கல் எல்லாம் அதுல இருக்கும். தீர்வு மட்டும் இருக்காது. காலையில ஏழெட்டுப் பேர் கொண்ட குழுவா உட்கார்ந்து அதை அலசணும். அப்புறம் கிளாஸ். புரொஃபசர் உள்ளே வந்து, யாராவது ஒருத்தரைக் காட்டி, "இந்த நாற்காலியில நீங்க இருந்தா என்ன செய்வீங்க?"ன்னு கேட்பார். அவ்வளவுதான் பாடம். மீதி ஒன்றரை மணி நேரமும் அந்த ஐம்பது பேர் அடிச்சுக்கிறதுதான்.

இந்த முறையும் ஹார்வர்டுல வளர்ந்ததுதான். 1921-ல் ஒரு ஷூ கம்பெனியைப் பத்தி முதல் கேஸ் எழுதினாங்க. இன்னிக்கு உலகம் முழுக்க பிசினஸ் ஸ்கூல்கள் இதை வெச்சுத்தான் ஓடுது.

முதல் மூணு நாள் மாமா கையே தூக்கல. பதில் தெரியும். ஆனா மனசுக்குள்ள அதை இங்கிலீஷ்ல அடுக்கி, கிராமர் சரி பார்த்து முடிக்கிறதுக்குள்ள, பிரேசில்காரர் பேசி முடிச்சு, ஜெர்மன்காரர் மறுத்து, வண்டி அடுத்த ஸ்டேஷனுக்குப் போயிடும். ஆயிரத்து இருநூறு பேர் வேலை பார்க்கிற ஃபேக்டரியை நடத்துற மனுஷன், ராத்திரி அத்தைக்கு போன் போட்டு, "எனக்கு இங்க ஒண்ணும் ஓடல்ல"ன்னு சொல்லியிருக்கார்.

இதைப் படிச்சிட்டு இருக்கிற உங்கள்ல எத்தனை பேர் செமினார் ஹால்ல இதே மாதிரி உட்கார்ந்திருக்கீங்க? தமிழ் மீடியத்துலேருந்து வந்தவங்களுக்கு இது நல்லாவே புரியும். அந்த பயம் நமக்கு மட்டும் சொந்தம்னு நினைச்சிட்டு இருந்தோம். பிளான்ட் ஹெட்டுக்கும் இருக்காம். நிம்மதியா இருக்கா? எனக்கு இருந்துச்சு.

நாலாவது நாள் வந்த கேஸ்

நாலாவது நாளைக்கான கட்டு ராத்திரி கைக்கு வந்தது. பிரிச்சார். மாமாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கேஸோட தலைப்புல மதுரை!

அரவிந்த் கண் மருத்துவமனை.

ஹார்வர்டு பேராசிரியர் கஸ்தூரி ரங்கன் எழுதி, 1993-ல் வெளியான கேஸ் அது. அவர் சென்னை ஐ.ஐ.டி.யில படிச்சவர். அந்தக் கேஸ் எத்தனையோ நாட்டு கிளாஸ் ரூம்களுக்குப் போயிருக்கு. கோயம்புத்தூர்ல பிறந்து, அமெரிக்காவுல மிச்சிகன் பல்கலைக்கழகப் பேராசிரியரா இருந்த சி.கே. பிரகலாத்தும் 2004-ல் வந்த தன்னோட பிரபலமான புத்தகத்துல இதே மருத்துவமனையைப் பத்தி விரிவாச் சொல்லியிருக்கார்.

மாமாவுக்கு ஒரே குஷி. ஏன்னா அரவிந்துக்கு ஒரு கிளை திருநெல்வேலியில இருக்கு. 1988-ல் வந்தது. எங்க ஆச்சிக்குக் கண்புரை ஆபரேஷன் அங்கதான். கூடப் போனதே மாமாதான்! நாகர்கோவில்லேருந்து பஸ் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய், நாள் முழுக்க அங்கயே இருந்தவர். 'நாளைக்கு நம்ம நாள்டே'ன்னு படுத்தார்.

காலையில கிளாஸ். புரொஃபசர் ஆரம்பிச்சதுமே மாமா கை தூக்கிட்டார். மூணு நாள்ல முதல் முறை. "நான் அங்கே போயிருக்கேன்!"

மொத்த கிளாஸும் திரும்பிப் பார்த்தது. "அருமை. அப்போ சொல்லுங்க, அது எப்படி ஓடுது?"ன்னார் புரொஃபசர்.

"அது ஒரு தர்ம ஸ்தாபனம். ஏழைகளுக்கு இலவசமாப் பண்றாங்க. நல்ல மனசு இருக்கிறவங்க"ன்னார் மாமா.

முன்வரிசையில நைஜீரியாவுலேருந்து வந்த ஒரு பேங்க் அதிகாரி அம்மா. திரும்பிக் கேட்டாங்க: "நல்ல மனசு சம்பளம் கொடுக்காதே. பணம் எங்கேருந்து வருது? நீங்க நேர்ல பார்த்தவராச்சே, ஒரு நோயாளி உள்ளே போய் வெளியே வர்றதுக்குள்ள எத்தனை பேரைப் பார்க்கிறார்? அதுல டாக்டர் எத்தனை நிமிஷம்?"

மாமாகிட்ட பதில் இல்லை.

"எனக்கு அப்பதான் ஓர்மை வந்துது டே"ன்னார் எங்கிட்ட. "அம்மையை ஒரு ரூம்ல ஒரு பிள்ளை பார்த்தா. அடுத்த ரூம்ல இன்னொரு பிள்ளை கண்ணு பிரஷர் பார்த்தா. இன்னொரு ரூம்ல இன்னொரு பிள்ளை எழுத்து வாசிக்கச் சொன்னா. கடைசிலதான் டாக்டர். 'இதென்னல, ஒரே ஆளு பாத்தா ஆகாதா'ன்னு எனக்கு எரிச்சல். பேப்பர் வாசிச்சிட்டு இருந்துட்டேன். அந்த ரூம் ரூமா மாத்தினதுதான் டே மேட்டரே! ஒரு நாள் பூரா அதுக்குள்ளயே இருந்தேன். ஒண்ணையும் பாக்கல்ல."

என்ன அந்த மேட்டர்?

டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி. எல்லாரும் டாக்டர் வி-ன்னு கூப்பிடுவாங்க. இளம் வயசுலயே கடுமையான முடக்குவாதம் வந்து கைவிரல்கள் கோணிப்போனவர். அந்த விரல்களால கத்தி பிடிக்கப் பழகி, கண் டாக்டர் ஆனார். அரசு வேலையில ரிட்டயர் ஆனப்போ வயசு 58. அப்புறம்தான், 1976-ல், மதுரையில 11 படுக்கையோட அரவிந்தை ஆரம்பிச்சார். தங்கை, தம்பி, மச்சினர்னு குடும்பமே சேர்ந்து உழைச்சது. 2006-ல் அவர் காலமாகும்போது அது உலகத்தோட பெரிய கண் மருத்துவ அமைப்புகள்ல ஒண்ணா இருந்தது.

ரகசியம் இதுதான். இந்த நாட்டுல கண் டாக்டர்கள் குறைவு. அதனால டாக்டரோட நிமிஷம்தான் இருக்கிறதுலயே விலை கூடின சரக்கு. டாக்டர் மட்டுமே செய்ய முடிஞ்ச வேலையை டாக்டர் செய்யணும். மத்த எல்லா வேலையையும், கிராமங்கள்லேருந்து தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்த பொண்ணுங்க செய்வாங்க. ஆபரேஷன் தியேட்டர்ல ஒரு டாக்டருக்கு ரெண்டு மேஜை. இங்கே ஒருத்தருக்கு முடியும்போது, பக்கத்து மேஜையில அடுத்தவர் தயாரா இருப்பார். டாக்டர் அந்தப் பக்கம் திரும்பினாப் போதும். இப்படி ஒரு டாக்டர் வருஷத்துக்கு 2000-க்கும் மேல ஆபரேஷன் பண்ண முடியும். எண்ணிக்கை கூடக் கூட, ஓர் ஆபரேஷனுக்கு ஆகிற செலவு இறங்கும். காசு கொடுக்க முடிஞ்சவங்க கொடுக்கிறதுல, முடியாதவங்களுக்கும் சேர்த்து நடக்கும். ரெண்டு பேருக்கும் ஆபரேஷன் பண்றது அதே டாக்டர்கள்தான்.

கண்ணுக்குள்ள வைக்கிற லென்ஸ் வெளிநாட்டுலேருந்து வந்தா விலை கட்டாதுன்னு, 1992-ல் ஆரோலேப்னு சொந்தமா ஒரு தயாரிப்புக் கூடமே ஆரம்பிச்சாங்க. விலை தடாலடியா இறங்குச்சு.

இன்னொரு கேள்வி வந்ததாம் அந்த கிளாஸ்ல. 'ஆபரேஷன் இலவசம்னு சொல்லியும் ஆரம்பத்துல கிராமத்து ஜனங்க ஏன் வரல?' ஆளாளுக்கு பயம், அறியாமைன்னு சொன்னாங்க. விடை ரொம்ப சாதாரணம். பஸ்ஸுக்குக் காசு இல்லை. போன இடத்துல சாப்பாடு யார் போடுவா? ஒரு நாள் கூலி போயிடுமே? அப்புறம்தான் அரவிந்துல போக்குவரத்து, சாப்பாடு எல்லாத்தையும் சேர்த்து ஏற்பாடு பண்ணாங்க. ஜனங்க வந்தாங்க.

அந்த விடையை கிளாஸ்ல சொன்னது யார் தெரியுமா? நம்ம மாமாதான். பஸ்ஸுக்குக் காசு இல்லாம இருக்கிறதுன்னா என்னன்னு அந்த ஐம்பது பேர்ல அவருக்குத்தான் நல்லாத் தெரியும். கிராமர் எல்லாம் பார்க்கலையாம். மறுநாள்லேருந்து ரெண்டாவது வரிசைக்கு இறங்கி வந்துட்டார்.

தேங்காய் கேள்வி

சரி, பந்திக்குத் திரும்புவோம். இலையை மடக்குறதுக்கு முன்னாடி மாமா தங்கச்சியைப் பார்த்துக் கேட்டார்:

"மக்களே, உங்க அப்பா வெக்கப்போற தோப்புல ஒரு தேங்காய்க்கு என்ன கிடைக்குது?"

முழிச்சா.

"வடசேரி சந்தையில அதே தேங்காய் என்ன விலை? நடுவுல உள்ளது யாருக்குப் போவுது? வெட்டுற ஆளுக்கு எவ்வளவு? உரிச்ச கதம்பையை யாரு எடுக்கா? எல்லாருக்கும் கொடுத்தது போக வருஷத்துக்குத் தோப்புல மிச்சம் எவ்வளவு?"

"தெரியாது மாமா."

"பி.காம். மூணு வருஷம். தோப்பு இருபத்தொரு வருஷமா வீட்டுக்குப் பின்னால. ரெண்டு வாரத்துல தெரிஞ்சுக்கிட்டு வா. அப்புறம் எம்.பி.ஏ. பத்திப் பேசுவோம். நான் பேப்பர் வாசிச்ச மாதிரி நீ இருந்திராத."

அவளுக்குக் கோபம். "ஐடியா கேட்டா அசைன்மென்ட் கொடுக்குறாரு"ன்னு எங்கிட்ட புலம்பினா. ஆனா செஞ்சா. அடுத்த வெட்டு அன்னிக்கு நோட்டோட தோப்புக்குப் போனா. வியாபாரிகிட்ட பேசினா. காலங்காத்தால சந்தைக்குப் போய் நின்னா. வங்கிக்கும் போய் வந்தா.

வங்கி விஷயம் உங்களுக்கும் உதவும், கேட்டுக்கங்க. கல்விக் கடன்ல பொதுவா 7.5 லட்சம் வரைக்கும் சொத்து அடமானம் இல்லாம முடியும். அதுக்கு மேல போனா அடமானம் கேட்பாங்க. ஆனா முன்னணி நிறுவனங்கள்ல இடம் கிடைச்சா இதுல சலுகை உண்டு. 2024-ல் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்த பி.எம். வித்யாலட்சுமி திட்டமும் அடமானம் இல்லாத கடனுக்குத்தான். அந்தப் பட்டியல்ல உங்க காலேஜ் இருக்கான்னு பார்க்கிறது முதல் வேலை. தங்கச்சி பார்த்தா. அவ சொன்ன காலேஜ் இல்லை. அந்தக் காலேஜ்ல கடைசியா முடிச்சவங்க என்ன சம்பளத்துக்குப் போனாங்கன்னு விசாரிச்சா. விளம்பரத்துல போட்டிருந்தது முதல் ரேங்க் ஆளோட சம்பளம். நடுவுல இருக்கிறவங்க சம்பளத்தைச் சொல்ல ஆளே இல்லை.

கடைசியா நோட்டுல அவ எழுதின வரி: பதினெட்டு லட்சமும் வட்டியும்னா, எங்க தோப்போட ஒன்பது வருஷ மிச்சம்.

அதை யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கல. அவளே போட்ட கணக்கு. அப்பாகிட்ட அவளே காட்டினா. சித்தப்பா ரொம்ப நேரம் அந்த நோட்டையே பார்த்துட்டு இருந்தாராம். அவருக்கும் அந்தக் கணக்கு முழுசாத் தெரிஞ்சது அன்னிக்குத்தான்.

அதுக்காக அவ எம்.பி.ஏ. ஆசையை விட்டுட்டாளா? இல்லவே இல்லை. திருவனந்தபுரத்துல ஒரு கம்பெனியில அக்கவுன்ட்ஸ் வேலைக்குச் சேர்ந்திருக்கா. தோப்பு தோப்பாவே இருக்கு. "அஞ்சாறு வருஷம் கழிச்சு, வேலை பார்த்துக்கிட்டே படிப்பேன். முடிஞ்சா கம்பெனி காசுலயே!"ங்கிறா. அவளுக்கு வழியும் பக்கத்துலயே இருக்கு. ஐ.ஐ.எம். கோழிக்கோடு, வேலையில இருக்கிறவங்களுக்காக 2013-ல் கொச்சியில ஒரு கேம்பஸ் திறந்தது. 2011-ல் வந்த நம்ம ஐ.ஐ.எம். திருச்சியும் வேலை பார்க்கிறவங்களுக்குன்னு சென்னையில தனிப் படிப்பு தொடங்கிச்சு.

இப்போ உங்க முறை

டிகிரி முடிச்ச கையோட எம்.பி.ஏ. போறது தப்புன்னு நான் சொல்லவே இல்லை. நல்ல இடம் கிடைச்சா தாராளமாப் போங்க. ஆனா கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேளுங்க. இது டிகிரியா, வெறும் சான்றிதழா? நடுத்தரமா முடிச்சவங்க எங்கே வேலை பார்க்கிறாங்க? கடனை யார், எதை வெச்சு, எத்தனை வருஷம் அடைப்பாங்க? இப்போ போனைத் திறந்தாலே 'உலகப் புகழ் பிசினஸ் ஸ்கூல் சான்றிதழ், மாசத் தவணையில!'னு விளம்பரம் துரத்துது. அதுல பலதும் பத்துப் பதினஞ்சு வருஷம் வேலை பார்த்தவங்களை மனசுல வெச்சுச் செஞ்சது. மேலாளரே ஆகாம மேலாளர் சான்றிதழ் வாங்குறது, கடல்ல இறங்காம நீச்சல் மெடல் வாங்குற மாதிரி.

அந்தப் பெரிய கிளாஸ் ரூம்ல நடக்கிற விஷயத்துக்கு மட்டும் ஐம்பது வயசு வரைக்கும் காத்திருக்க வேண்டாம். 'இந்த நாற்காலியில நான் இருந்தா என்ன செய்வேன்?' இதைக் கேட்க ஃபீஸ் கிடையாது. நம்ம மாவட்டம் முழுக்க கேஸ் கொட்டிக் கிடக்கு.

தோவாளை பூச்சந்தைக்கு ஒரு நாள் விடியறதுக்கு முன்னாடி போங்க. பிச்சிப்பூ விலையை யார் முடிவு பண்றா? ஓணத்துக்கு முந்தின வாரம் கேரளாவுலேருந்து ஆள் குவியும்போது என்ன ஆகுது? மிஞ்சின பூ என்ன ஆகும்? சாயந்திரம் வாடிப்போற சரக்குக்கு காலையில விலை வைக்கிறது சாதாரண வேலையா?

குளச்சல் கரையில மீன் ஏலம் பாருங்க. அதிகம் கொடுக்கிறவர் பக்கத்துல நின்னாலும், சில வள்ளக்காரங்க ஏன் அதே வியாபாரிக்கே மீனைக் கொடுக்கிறாங்க? வலைக்கும் இன்ஜினுக்கும் வாங்கின முன்பணம் அந்தக் கேள்விக்குள்ள இருக்கும்.

மார்த்தாண்டம், கருங்கல் பக்கம் முந்திரி ஆலைக்குப் போற அக்கா யாராவது உங்க தெருவுல இருப்பாங்க. பருப்பு உடையாம எடுத்தா என்ன கூலி, உடைஞ்சா யாருக்கு நஷ்டம்னு அவங்ககிட்ட கேளுங்க. ரெண்டு பக்கம் எழுதுங்க. ஹாஸ்டல் ரூம்ல நாலு பேர் உட்கார்ந்து, ஆளுக்கொரு நாற்காலியில தன்னை வெச்சு, அடிச்சுக்கங்க. தமிழ்லயே அடிச்சுக்கங்க. விஷயம் உள்ளே இருந்தா மொழி பின்னாலயே வந்துடும்னு மாமா சொல்றார். ரெண்டாவது வரிசைக்கு வந்த ஆளு, நம்பலாம்!

இன்னொண்ணு. அந்தக் கல்யாணத்துல கை கழுவிட்டு வரும்போது மாமா ஆச்சியைப் பத்திப் பேசினார். ஆபரேஷன் முடிஞ்சு கட்டு அவிழ்த்ததும், ஆச்சி முதல்ல அவர் முகத்தைப் பார்த்து, "மெலிஞ்சு போயிட்டியேடா"ன்னாங்களாம். "ஒரு நாள் முழுக்க நான் பாக்காத விஷயம் எல்லாம் அங்க நடந்துட்டு இருந்துருக்கு. கண்ணு தெரியாம போன கிழவி வெளிய வந்ததும் பாத்துட்டா. கண்ணு நல்லா இருந்த எனக்கு அது தெரிய பன்னெண்டு வருஷமும் ஒரு நைஜீரியாக்காரியும் வேண்டி இருந்துது"ன்னார்.

நாளைக்குக் காலேஜ் பஸ்ல போகும்போது போனை பையில போட்டுட்டு வெளியே பாருங்க. ஏதாவது ஒரு கடை, ஒரு சந்தை, ஒரு ஆளு... 'இது எப்படி ஓடுது?'ன்னு ஒரே ஒரு கேள்வி. பதிலை எழுதி அனுப்புங்க. நல்லா இருக்கிறதை இதே பக்கத்துல போடுவோம்.

அடுத்த வாரம் சந்திப்போம் மக்கா!